சபைக்கு முன்னால் அர்டீலியா

அம்மாவின் சவப்பெட்டி பிரசங்க மேடைக்குக் கீழே திறந்திருக்க, பெற்ற மகள் அர்டீலியா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வெளியே போய் உலகப் பாட்டு பாடினவர்கள் எங்கள் மெம்ஃபிஸ் சபையில் பின்னால்தான் உட்கார வேண்டும். எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டால்தான் மறுபடி இங்கே வாய் திறக்கலாம். இதை யார் சட்டமாக்கினார்களோ, தெரியாது. நான் இந்தச் சபையின் ஆர்கன்காரன்; உறவில்லை, அவளைச் சின்ன வயதிலிருந்தே அக்கா என்று கூப்பிட்டுப் பழகியவன். அவள் சிகாகோ போய்ப் பேர் வாங்கிய, சோல் என்கிற காதல் பாட்டுக்கும் இங்கே நான் வாசிப்பதற்கும் மெட்டில் பெரிய வித்தியாசம் கிடையாது. 'கர்த்தாவே' என்கிற இடத்தில் 'கண்ணாளா' என்று போட்டாள். அதற்குத்தான் இத்தனை பாடு.

இசைத்தட்டு வந்தது, ரேடியோவில் பாட்டு வந்தது. கைதட்டிய வெள்ளைக்காரர்களின் ஊரில் எங்கள் கறுப்புத் தோலுக்கு உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம் கிடைக்காமல், மின்னுகிற மேடை உடுப்போடு காருக்குள்ளேயே ரொட்டியைத் தின்றுவிட்டுக் கிளம்புவாளாம். இப்போது அவளைப் பாடக் கூப்பிட ஆளில்லை. "அந்தப் பாட்டை விடாம என் வாசலை மிதிக்காதே" என்று சொன்ன அம்மா, சொன்னபடியே இருந்து போய்ச் சேர்ந்துவிட்டாள்.

ஆராதனைக்கு முன்பே அர்டீலியா என்னிடம் வந்தாள்.

"அம்மாவுக்கு ஒரே ஒரு பாட்டு, ரூஃபஸ். வேற ஒண்ணும் வேண்டாம்."

"மன்னிப்பைக் கேட்டுத் தொலை அக்கா. வாய் வார்த்தைதானே."

"வாய்தான்டா என்கிட்ட இருந்த ஒரே சொத்து."

ஆனாலும் போதகர் ஹாஸ்கின்ஸ் கூப்பிட்டதும் முன்னால் வந்து நின்றாள். "நான் பாடினதெல்லாம் தப்பு. வெக்கப்படுறேன்" என்றாள்.

"பின்னாடி கேக்கலை மகளே," என்றார் மூப்பர் பர்டெட். மைக் இல்லாமலே அரங்கத்தை நிறைத்தவளிடம் சொல்கிறார். அவள் இன்னொரு தரம் சொன்னாள். பெண்கள் விசிறியை ஆட்டி ஆமென் என்றார்கள். எனக்கு அந்த விசிறிகளைப் பிடுங்கி எறிய வேண்டும்போல இருந்தது. பிறகு அவள் பாடினாள். ஆமென் சொன்ன அதே வாய்களைப் பொத்திக்கொண்டு சபையே அழுதது.

அடக்க ஆராதனை முடிந்ததும் குழியை மூடுகிற வேலையை ஆட்களிடம் விட்டுவிட்டு, கோயிலின் கீழ்த்தளத்துக்குச் சாப்பிட வந்தோம். பொரித்த கோழி, கீரை, மக்ரோனி. அம்மாவின் பக்கத்து வீட்டு ஏர்லீன் தட்டோடு வந்து அர்டீலியா அருகில் உட்கார்ந்தாள்.

"உங்கம்மா மட்டும் இன்னைக்கு எந்திரிச்சிருந்தா உன்னை அறைஞ்சிருப்பாடி."

"மன்னிப்புதான் கேட்டுட்டேனே. இன்னும் என்ன செய்யணுமாம்?"

"அதுக்குத்தான் அறைஞ்சிருப்பா. உன் பாட்டு வந்தா ஜன்னலைச் சாத்திட்டு, ரேடியோவைச் சின்னதா வச்சு அடுப்படியில ஆடுவா. 'எம்பொண்ணு, கேளுடி'ம்பா. கண்ணாளான்னு நீ இழுக்கிற இடத்துல அவளும் இழுப்பா."

அர்டீலியா கோழித் துண்டைத் தட்டில் வைத்தாள். "ஏன் எனக்குச் சொல்லலை?"

"போதகர் காதுக்குப் போயிடும்னு சத்தியம் வாங்கியிருந்தா. தான் உசிரோட இருக்கிறவரைக்கும் சொல்லக் கூடாதுன்னு."

அர்டீலியா என் பக்கம் திரும்பினாள். "இந்நேரம் மண்ணைப் போட்டு மூடியிருப்பாங்களா, ரூஃபஸ்?"

"மூடியிருப்பாங்க அக்கா."

மூப்பர் பர்டெட் பாத்திரத்தோடு வந்தார். "சாப்பிடு மகளே. இனி ஞாயித்துக்கிழமை எல்லாம் நீதான் பாடணும்" என்று அவள் தட்டில் குழம்பை ஊற்றினார். அது நிரம்பி, விளிம்பைத் தாண்டி, அவளுடைய கறுப்பு உடையின் மடியில் சொட்டியது. அவள் தட்டை நகர்த்தவில்லை.