லோகேஸ்வரி டீச்சரின் முதுகுவலி

மலேசியாவின் ரவாங்கில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் லோகேஸ்வரிக்கு முதுகு வலிக்க ஆரம்பித்தபோது, அதற்குக் காரணம் யார் என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. கிளட்சைப் பட்டென்று விடுகிறவர்களும், மஞ்சள் விளக்கைக் கண்டாலே பிரேக்கை மிதிக்கிறவர்களுமான அவளுடைய மாணவர்கள்தான்.

"இத்தன வருஷமா குலுங்கிக்கிட்டே உக்காந்திருக்கே. முதுகு என்ன இரும்பா?" என்று கணவர் ராதாகிருஷ்ணன் தைலம் தேய்த்துவிட்டார். கிளினிக்கில் வலி மாத்திரை கொடுத்தார்கள். இடுப்புக்குப் பட்டை கட்டிக்கொண்டு அவள் வேலைக்குப் போய் வந்தாள்.

வலி போகவில்லை. சாயங்காலமானால் காய்ச்சல் அடித்தது. தூக்கத்தில் தலையணை நனைகிற அளவுக்கு வேர்த்தது. உடம்பு இளைத்தது. "டயட்டா டீச்சர்?" என்று ஒரு பெண் கேட்டபோது அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆனால் ஒரு நாள் காரிலிருந்து இறங்கியவள் நிமிர முடியாமல் கதவைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். ராதாகிருஷ்ணன் அன்றே அவளைக் கோலாலம்பூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்.

ஸ்கேனில், இடுப்புப் பக்கத்து முதுகெலும்பில் இரண்டு எலும்புகளும் அவற்றின் நடுவிலிருந்த டிஸ்க்கும் அரித்துப்போயிருந்தன. தொற்றுநோய் மருத்துவர் நிலானி படத்தைக் காட்டி விளக்கினாள். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்தவள். எதையும் நிதானமாகச் சொல்கிறவள்.

"குலுங்கினதால வந்தது இல்ல அக்கா. எலும்புக்குள்ள கிருமி இருக்கு. எந்தக் கிருமின்னுதான் கண்டுபிடிக்கணும்."

"கண்டுபிடிங்க லா. எல்லாரும் என் ஸ்டூடண்ட்ஸ் மேல பழி போட்டுட்டாங்க, பாவம்."

காசநோயாக இருக்கும் என்றுதான் முதலில் எல்லாரும் நினைத்தார்கள். ஊசியால் எலும்பிலிருந்து கொஞ்சம் திசு எடுத்துப் பார்த்ததில் காசநோய் இல்லை. வழக்கமாக வருகிற கிருமிகளும் இல்லை. நிலானி கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக் கேள்வி மேல் கேள்வி கேட்டாள்.

"காய்ச்சாத பால் குடிப்பீங்களா?"

"பாலே குடிக்கமாட்டேன் டாக்டர். கோப்பியே பால் இல்லாமதான்."

"ஆடு மாடு ஏதாச்சும் வளக்கிறீங்களா?"

"நாங்க இருக்கிறது பன்னெண்டாவது மாடி." சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள், முதுகு சுரீரென்றது.

எதற்கும் காசநோய் மருந்தையே ஆரம்பித்துவிடலாம் என்றார் இன்னொரு மருத்துவர். கால்களில் பலம் குறையவில்லை, நரம்புக்கு இன்னும் ஆபத்தில்லை, கொஞ்சம் பொறுப்போம் என்றாள் நிலானி.

மறுநாள் மத்தியானம் அவள் லோகேஸ்வரியின் பாதத்தை அழுத்திச் சோதித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு நாகையா வந்தார். ரவாங்குக்கு வெளியே ஆட்டுப் பண்ணை வைத்திருப்பவர். ஐம்பது வயதுவரை மோட்டார் சைக்கிளிலேயே காலத்தை ஓட்டிவிட்டு, இப்போதுதான் லோகேஸ்வரியிடம் கார் பழகினார்.

"பாஸ் பண்ணிட்டேன் டீச்சர். லைசன் வந்துருச்சி. அப்புறம் இவளப் பாருங்க, எப்படி வளந்துட்டா." கைத்தொலைபேசியை நீட்டினார். ஒரு காது மட்டும் கறுத்த வெள்ளை ஆட்டுக்குட்டி.

"யாரு இது?" என்றாள் நிலானி.

"லோகா, டாக்டர். டீச்சர் கார்லதான் பொறந்தா. அதான் டீச்சர் பேரையே வச்சிட்டேன்."

நிலானியின் கை பாதத்திலேயே நின்றது. "கார்லயா?"

சில மாதங்களுக்கு முன் நடந்ததை இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது, ஆடு ஒன்று குட்டி போட முடியாமல் தவிப்பதாகப் பண்ணையிலிருந்து அழைப்பு வந்தது. ஆட்டைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு சுங்கை பூலோவில் இருக்கும் கால்நடை மருத்துவரிடம் கிளம்பினார்கள். ஓட்டியவர் நாகையாதான். வழியில் போக்குவரத்து ஜேம். ஆடு கத்திய கத்தலில் அவர் ரோட்டை விட்டுவிட்டுப் பின்னாலேயே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு, லோகேஸ்வரி பின்னால் போய்க் குட்டியின் கால்களைப் பிடித்து இழுத்தாள்.

"கையுறை போட்டிருந்தீங்களா?"

"கார்ல கையுறைக்கு எங்க போறது டாக்டர்? டிஷ்யூதான் இருந்திச்சி."

"இத ஏன் அக்கா எங்கிட்ட சொல்லல?"

"வளக்கிறீங்களான்னுதான கேட்டீங்க?"

நிலானி சிரித்துவிட்டாள். "உண்மைதான். நான் கேட்ட கேள்வி சரியில்ல."

நகரத்தில் அரிதாகவே பார்க்கிற ஒரு கிருமி அது என்று அவள் விளக்கினாள். பெயர் புருசெல்லா. நோயுள்ள ஆட்டின் பாலில் மட்டுமல்ல, குட்டி ஈனும்போது வரும் நீரிலும் இருக்கும். மனித உடம்பில் புகுந்தால் சில சமயம் முதுகெலும்பில் போய்த் தங்கும். உடனே ஆய்வுக்கூடத்துக்குப் போன் செய்தாள். மெதுவாக வளரும் கிருமி, மாதிரியை இன்னும் சில நாள் வைத்துப் பாருங்கள், உங்களையும் தொற்றக்கூடும், பாதுகாப்போடு திறவுங்கள் என்றாள். முதலில் இரத்தப் பரிசோதனை அவள் சந்தேகத்தை உறுதி செய்தது. பிறகு கிருமியே வளர்ந்து காட்டியது.

ஊசியும் மாத்திரைகளும் ஆரம்பமாயின. ஒரு நாள் விடிந்ததும் லோகேஸ்வரி கணவருக்குப் போன் செய்தாள். "இன்னிக்கு வேர்க்கவே இல்லங்க." அந்தப் பக்கம் ராதாகிருஷ்ணன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

நாகையாவின் இரத்தத்திலும் அதே கிருமி இருந்தது. வயதாகிவிட்டதால் மூட்டு வலிக்கிறது என்று நினைத்திருந்த அவரும் மாத்திரை சாப்பிட்டார். கால்நடை இலாகாவிலிருந்து வந்து பண்ணை முழுவதையும் சோதித்து, நோயிருந்த ஆடுகளை அப்புறப்படுத்தினார்கள். தாயோடு லோகாவும் போயிற்று. அதைச் சொல்ல மருத்துவமனைக்கு வந்த நாகையா தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தார்.

"புது ஆடு வாங்கப் போறப்ப சொல்லுங்க, நானும் வரேன்," என்றாள் லோகேஸ்வரி. "ஆனா லோரியிலதான்."

"கையுறையோட," என்றாள் அங்கே நின்ற நிலானி. நாகையாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சில மாதங்கள் கழித்து எடுத்த ஸ்கேனில் எலும்பு நன்றாக ஆறியிருந்தது. மாத்திரையை நிறுத்தலாம், வேலைக்கும் போகலாம் என்றாள் நிலானி. லோகேஸ்வரி வீட்டுக்குப் போகவில்லை. கணவரை நேரே ரவாங்குக்கு ஓட்டச் சொல்லி, பயிற்சிப் பள்ளியில் இறங்கி, அடுத்த வகுப்பு யாருக்கு என்று கேட்டாள்.