காந்தத் துப்பாக்கிக்குக் கரண்டு எங்கிருந்து வருகிறது?

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் வீட்டு இன்வெர்ட்டருக்குப் பேட்டரி மாற்ற வந்த பெண்ணுடையது. அவள் வந்தபோது நான் வேறொரு கதையில் மும்முரமாக இருந்தேன். அதன் முதல் வரி:

படைத்தலைவன் காந்தத் துப்பாக்கியை உயர்த்தினான். இருநூறு முறை இடைவிடாமல் சுட்ட பிறகும் அது

அந்த வரி இன்றுவரை அங்கேயேதான் நிற்கிறது. குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்தவள், மேசையில் கிடந்த தாளை எட்டிப் பார்த்துவிட்டாள்.

"இருநூறு தடவையா? இதுக்குக் கரண்டு எங்கேர்ந்து வருது?"

"எதிர்காலத்துல நடக்கற கதைங்க."

"எதிர்காலத்துலயும் பேட்டரி பேட்டரிதானே?"

எனக்குச் சுருக்கென்றது. அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, இதே கேள்வியால் தன் வீட்டில் நடந்த ரகளையைச் சொல்ல ஆரம்பித்தாள்.

2

(துப்பாக்கியைப் பற்றிக் கொஞ்சம். அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் பேட்டரி மாற்ற வந்த மெக்கானிக் தாண்ட விடமாட்டாள்.)

காந்தத் துப்பாக்கியில் வெடிமருந்து கிடையாது. குழாயைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருள்கள். மின்சாரம் பாய்ந்ததும் அவை காந்தமாகி, ஓர் இரும்பு ஊசியை இழுத்து வீசும். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, முடிவைப் பகடையிடம் விடுகிற விளையாட்டுகளில் இந்தத் துப்பாக்கிக்குத் தனி மவுசு. மின்சாரம்தான் தலைவலி. சில விதிப்புத்தகங்களில் ஊசியும் மின்கலமும் ஒரே பெட்டிக்குள். சிலவற்றில் வீரன் முதுகில் மூட்டை போலப் பேட்டரி, அங்கிருந்து ஒரு கேபிள். அதை எதிரி அறுத்தால் போச்சு. மிச்சப் பேர் "தீராத மின்கலம்" என்று இரண்டு வார்த்தையைப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடுகிறார்கள். நானும் அப்படி ஓடியே பழகிய ஆள்.

3

மெக்கானிக் தன் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அண்ணன் வரலாற்று வாத்தியார். அண்ணிக்குச் சொந்தமாக மருந்துக்கடை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையைத் துடைத்ததும் மூவரும் விளையாட உட்கார்வார்கள். விண்வெளிக் கதை, விதிகள் எல்லாம் அண்ணன் எழுதியவை. நான்கு வருட உழைப்பு. புத்தகமாகப் போடும் ஆசையும் உண்டு.

[அண்ணனை முதலில் முரடனாக எழுதினேன். "எங்க அண்ணன் ஒண்ணும் அப்படி இல்ல" என்று போனில் சண்டைக்கு வந்தாள். அடித்துவிட்டேன். அவர் தங்கைக்காகவே காவல்காரி என்ற பாத்திரத்தை உருவாக்கிய மனிதர்.]

அன்றைக்குக் கதையில் கப்பலின் மின்சாரம் மொத்தமும் போய்விட்டது. அண்ணியின் பாத்திரம் அடிபட்டு, மூச்சுக்கருவி வைத்த பேழைக்குள் கிடக்கிறது. கதவுக்கு வெளியே எதிரிகள் மூன்று பேர். உள்ளே காவல்காரி மட்டும், கையில் காந்தத் துப்பாக்கியோடு.

"பேழையில இன்னும் கொஞ்ச நேரத்துக்குத்தான் கரண்டு" என்றார் அண்ணன். "என்ன பண்றே?"

"துப்பாக்கி பேட்டரியக் கழட்டிப் பேழையில மாட்டறேன்."

"அது முடியாது. துப்பாக்கி பேட்டரி துப்பாக்கிக்குத்தான்."

"பேட்டரிக்குத் தான் எதுல மாட்டியிருக்கோம்னு தெரியுமாண்ணா?"

"பேசாம சுடு. அது தீராத மின்கலம். விதியிலேயே போட்டிருக்கேன்."

"தீராதுன்னா அதை வெச்சு இந்தக் கப்பலையே ஓட்டலாமே! அப்புறம் அண்ணி ஏன் மூச்சு முட்டிச் சாகணும்?"

அண்ணி குபீரென்று சிரித்துவிட்டார். அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "இது கதை. ஒரு வரி எழுதியாச்சு, விடேன். யாரு பாக்கப் போறா?"

மெக்கானிக் பென்சிலை மேசையில் வைத்தாள்.

"இதையேதான் எங்க சூப்பர்வைசரும் சொன்னாரு."

4

(இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு எழுதி வைத்திருந்தேன். "நான் பெருமூச்செல்லாம் விடல. கத்தினேன்" என்றாள்.)

அவள் வேலை பார்த்த கம்பெனி ஓர் ஆஸ்பத்திரியின் யூபிஎஸ்களை, கரண்டு போனால் கைகொடுக்கிற பேட்டரி அமைப்புகளை, பராமரித்தது. ஆபரேஷன் அறைக்கான பேட்டரிகள் தரைக்குக் கீழே ஓர் அறையில். முப்பத்திரண்டில் ஏழு வயிறு உப்பிக் கிடந்தன. முழுச் சுமை கொடுத்துப் பார்க்கிற லோடு டெஸ்ட்டில் இருபது நிமிடம் தாங்க வேண்டியது, நான்காவது நிமிடத்தில் படுத்துவிட்டது.

"இருபதுன்னு போட்டுக் கையெழுத்து போடும்மா. யாரு பாக்கப் போறா?" என்றார் சூப்பர்வைசர்.

அவள் நாலு என்று எழுதினாள். ஒரு பிரதியை ஆஸ்பத்திரி இன்ஜினியர் கையில் நேராகக் கொடுத்தாள். மறுநாள் வேலை போய்விட்டது. (என் வீட்டு இன்வெர்ட்டர், அதற்கப்புறம் அவளே தனியாகப் பிடித்த வேலை.)

"ரெண்டு வாரமா டிபன் பாக்ஸ் எடுத்துட்டு எங்க போயிட்டிருந்தே?" அண்ணன் குரல் இறங்கிவிட்டது.

"லைப்ரரிக்கு."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்ல?" பிறகு, கேட்டிருக்க வேண்டாத அதையும் கேட்டார்: "ஒரு கையெழுத்துதானே... போட்டிருந்தா என்ன?"

"போட மாட்டேன்! இன்னிக்கு வந்து கேட்டாலும் நாலுதான் எழுதுவேன். படுத்திருக்கறவங்களுக்கு யாரு பதில் சொல்றது? நீயா, அவரா?"

அண்ணி எழுந்து போய் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். "அவ எழுதினதுதான் சரி" என்றார், கணவரைப் பார்த்து.

அண்ணன் விதித்தாளைத் தன் பக்கம் இழுத்தார். "தீராத மின்கலம்" என்ற வரியை அடிக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. (வாசகருக்கு அது வேண்டியிருக்கும் என்று தெரியும். நடக்கவில்லை.) கேட்டது இதுதான்:

"சரி. அதுல இன்னும் எத்தனை ஷாட் இருக்கும்?"

"ஒம்போது சுட்டாச்சு. கரண்டு போன கப்பல், இந்தக் குளிர்ல பதினொண்ணுக்கு மேல தாங்காது. மிச்ச ரெண்டையும் பேழைக்குக் குடுக்கறேன்."

"அப்ப உன் கையில வெறும் இரும்புதான்."

"இல்ல. பேட்டரி குடம்னா, துப்பாக்கிக்குள்ள இருக்கற கண்டன்சர் சொம்பு. குடத்துலேர்ந்து மெதுவா ரொப்பிக்கிட்டு ஒரே வீச்சா ஊத்தும். குடத்தை எடுத்துட்டாலும் சொம்புல இருக்கறது இருக்கும். ஒரே ஒரு ஷாட்."

"வெளிய மூணு பேரு."

"தெரியும். கதவத் திற."

அண்ணன் திறக்கவில்லை. பகடையை எடுத்து வைத்துவிட்டு, "அடுத்த ஞாயித்துக்கிழமை" என்றார்.

5

அந்த ஞாயிறு இன்னும் வரவில்லை. ஆகவே மூன்று முடிவுகளை எழுதி அவளிடம் காட்டினேன். முதலாவதில் ஆஸ்பத்திரி பேட்டரிகளை மாற்றி, நன்றிக் கடிதம் அனுப்புகிறது. "நான் மூணு தடவை போன் பண்ணினேன். யாரும் சரியாப் பதில் சொல்லல. தெரியாததை எழுதாதீங்க" என்றாள். இரண்டாவதில் சூப்பர்வைசர் மாட்டிக்கொள்கிறார். அதைப் பாதி படித்ததுமே திருப்பித் தந்துவிட்டாள். மூன்றாவதில் அந்த ஒரே ஊசி மூன்று பேரையும் துளைத்துக்கொண்டு

"சும்மா இருங்க" என்றாள்.

இனி போன் வேண்டாமாம். நாளைக் காலை ஆஸ்பத்திரிக்கு நேரிலேயே போகப்போகிறாள், லோடு டெஸ்ட் தாளின் நகலோடு. இன்ஜினியர் வரும்வரை அவர் அறை வாசலை விட்டு நகர்வதில்லை என்று இருக்கிறாள். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. பத்திரிகை ஆசிரியர் "முடிவில்லாமல் எப்படிப் போடுவது?" என்று கேட்கிறார். போடாவிட்டால் போகட்டும். நடக்காததை நடந்ததாக எழுதி இதன் கீழே என் பெயரைப் போடமாட்டேன்.

சாப்பாட்டு மேசையில் நாலாவது நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. உட்காருங்கள். அண்ணன் கதவைத் திறக்கும்போது பகடையை நீங்களே உருட்டுங்கள். என்ன விழுகிறதோ, அதை அப்படியே சொல்லுங்கள்.