வண்டியை விட்டு இறங்காத புத்தகம்

‘தொலைதூர மாணவர்களைத் தேடி வருகிறது பல்கலைக்கழகம்’ என்று நூலக வண்டியின் இரு பக்கமும் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள். தேடி வருவது மாதம் இரண்டு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை. பகலில் வேலைக்குப் போகிறவர்கள்தான் தபாலில் படிக்கிறார்கள் என்பது அந்த நேரத்தைக் குறித்த மகானுக்குத் தோன்றவே இல்லை.

அன்று வண்டிக்காகக் காத்து நின்றவள், ஆயத்த ஆடை ஆலையில் காலர் தைப்பவள். தலைவலி என்று பொய் சொல்லி விடுப்பு வாங்கி வந்திருந்தாள். புள்ளியியல் தாளில் ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. நாளை மறுநாள் மூன்றாவது தேர்வு. அதிலும் போனால் பதிவே ரத்து, நாலு வருடப் பாடு அத்தனையும் பாழ்.

கதவு திறந்தபோது மணி பதினொன்று இருபத்தைந்து. நூலகர் டீ குடிக்கப் போயிருந்தார். வந்ததும் வருகைப் பதிவேட்டில் அவளை மூன்று கையெழுத்துப் போடச் சொன்னார். கூட்டம் அலைமோதியதாக மேலிடத்துக்குக் காட்ட வேண்டுமாம்.

அவள் தேடிய புத்தகம் இருந்தது. அதன் முதுகில் சிவப்புச் சீட்டும் ஒட்டியிருந்தது. சிவப்புச் சீட்டு என்றால் வண்டிக்குள்ளேயே படிக்க வேண்டும். முந்நூறு பக்கத்தை முப்பத்தைந்து நிமிடத்தில் யார் படிப்பது?

பன்னிரண்டுக்கு இறங்கச் சொன்னார். இரண்டே நாள் இரவல் கேட்டுக் கெஞ்சினாள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு விதியை வாசித்துக் காட்டினார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“புத்தகம் வண்டிய விட்டு இறங்கக் கூடாது. அவ்வளவுதானே சார்?”

“அவ்வளவுதாம்மா.”

“அப்போ நானும் இறங்கல.”

ஆளை இறக்க வழியிருக்கிறதா என்று அவர் விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். அதை எழுதியவர்கள், உள்ளே ஏறி ஒருத்தி உண்மையாகவே படிப்பாள் என்று எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. ஓட்டுநருக்கோ பசி. அவர்பாட்டுக்கு வண்டியை எடுத்துவிட்டார்.

அலமாரிக்கு முதுகைக் கொடுத்து, காலை எதிர்ப்பக்கம் ஊன்றிக்கொண்டு படித்தாள். ஒவ்வொரு வேகத்தடையிலும் ஒரு வரி தப்பியது. வண்டி பல்கலைக்கழக வளாகத்துக்குள் போய்க் கொட்டகையில் நின்றது. இனி இறங்கித்தானே ஆக வேண்டும் என்று நூலகர் நிம்மதியாகக் கதவைத் திறந்துவிட்டார்.

அவள் அடையாள அட்டையை நீட்டினாள். “பின்பக்கம் என்ன போட்டிருக்குன்னு படிங்க சார்.”

தொலைதூர மாணவர்களுக்கு வளாகத்தில் அனுமதி இல்லை என்று போட்டிருந்தது. அவர் இரண்டு முறை படித்தார்.

“நான் கீழ கால் வெச்சா விதிமீறல்,” என்றாள்.

ஓட்டுநர் சாவியோடு சாப்பிடப் போயிருந்தார். திரும்பி வர நாலரை ஆயிற்று. நாலு வருடமாக எந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்குப் படிக்கிறாளோ, அதன் கட்டடத்தை ஜன்னல் வழியே முதன்முறையாகப் பார்த்தபோது அவளுக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை. நூற்றைம்பது பக்கம் முடித்தாள்.

வாசலுக்கு வெளியே கொண்டுபோய் வண்டியை நிறுத்தியதும், புத்தகத்தை அதே இடத்தில் செருகிவிட்டு இறங்கினாள். நூலகர் பெருமூச்சு விட்டார்.

“நாளைக்கு எனக்குப் பல்வலி சார்,” என்றாள். “வண்டி எந்தப் பக்கம் போகுது?”