நலீகா தீவில் கபீட்டோவுக்கு ஓர் அக்கா

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எங்கள் ஏரிக்கரையில் நிலம் பெண்வழியில் வருகிறது. கல்யாணமானால் மாப்பிள்ளைதான் மனைவியின் ஊருக்கு வந்து வீடு கட்டுகிறான். பிள்ளைகள் அம்மாவின் குலம். இதில் எனக்குக் கொள்ளாத பெருமை. ஆனால் போன மழைக்கு முன் எங்கள் சோள நிலத்தின் எல்லைத் தகராறு ஊர்க்கூட்டத்துக்கு வந்தபோது, நாற்காலியில் உட்கார்ந்து பேசியது என் தாய்மாமா. நிலத்துக்குச் சொந்தக்காரியான என் அம்மா பாயில் காலை நீட்டி வாய்மூடி உட்கார்ந்திருந்தாள். பெண்ணின் வார்த்தை அவளுடைய அண்ணன் தம்பி வாய்வழியாகத்தான் சபைக்குப் போகும். மாமா நன்றாகவே பேசினார், நியாயமும் எங்கள் பக்கமே வந்தது. இருந்தும் வீட்டுக்கு வந்ததும் பள்ளிக்கூட நோட்டு ஒன்றைத் திறந்து, ஏரிக்கு நடுவில் இல்லாத ஒரு தீவை உண்டாக்கினேன். நலீகா என்று பெயர் வைத்தேன்.

2

"நலீகாவில் பெண்கள் ஆண்களைப் போலவே…" (அடித்துவிட்டேன். என் தீவில் எதற்கு அந்தப் 'போலவே'?)

"நலீகாவில் உலக்கைச் சத்தம் கேட்டால் ஆண்கள் எழுந்துவிட்டார்கள் என்று அர்த்தம்." (இது இருக்கட்டும்.)

அங்கே நாற்காலிகளில் பெண்கள், பாய்களில் ஆண்கள். சபையில் ஆண் வாய் திறக்கக் கூடாது. அவன் சொல்ல வேண்டியதை அவனுடைய அக்காவோ தங்கையோ சொல்வாள். (பழி தீர்த்தேன்தான். மறுக்கவில்லை.)

தியேசே என்ற படகு கட்டுகிறவளைத் தீவின் தலைவியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவள் கட்டிய படகு எந்தக் காற்றிலும் கவிழ்ந்ததில்லை. அவளுக்குக் கபீட்டோ என்று ஒரு கணவன், நான்கு வயதில் ஒரு மகள். சட்டம் இது: தலைவியின் காதில் தனியாகப் பேசும் ஆண் யாரும் அவள் வீட்டில் இருக்கக் கூடாது. ஆகவே அவள் பதவியேற்கும் அன்று கபீட்டோ பாயைச் சுருட்டிக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட வேண்டும். மகள் அம்மாவோடு இருப்பாள்.

போகத்தான் வேண்டுமா? கதையே இதுதான்.

3

மாவு மில்லில் வரிசை நீளமாக இருந்த ஒரு காலையில் அங்கிருந்த பெண்களுக்கு வாசித்துக் காட்டினேன். மூன்று முடிவுகள் கைவசம் இருந்தன.

முதல் முடிவில் தியேசே கணவனுக்காகப் பதவியை வேண்டாம் என்கிறாள். கருவாடு விற்கும் ஃபலேசி அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஏன் டீச்சர், இல்லாத தீவுலயும் பொம்பளதான் விட்டுக்குடுக்கணுமா? அதுக்கு எதுக்குப் படகேறி அவ்வளவு தூரம் போற?"

(அடித்துவிட்டேன்.)

இரண்டாவதில் தியேசே பதவியேற்றதும் முதல் வேலையாக அந்தச் சட்டத்தை ஒழிக்கிறாள். மில்லே சிரித்தது. முதல் உத்தரவு சொந்தக் கட்டிலுக்கா, அதைத்தான் நம் ஊர் ஆண்கள் நன்றாகச் செய்கிறார்களே என்றார்கள். (இதையும் அடித்துவிட்டேன்.)

மூன்றாவதில் கபீட்டோ ஒரு சொல் பேசாமல் பாயைத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நடக்கிறான். ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். எனக்கு நெஞ்சு விம்மியது. அப்போது ஃபலேசி அக்கா மாவுச் சாக்கைக் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"அது சரி, எந்த அக்கா வீட்டுக்குப் போறான்? பேரு சொல்லு."

நோட்டைப் புரட்டினேன். முன்னும் பின்னும் புரட்டினேன். கபீட்டோவுக்கு அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை. நான் கொடுக்கவே மறந்திருந்தேன்.

(எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகூட இந்தத் தவறைச் செய்யாது. ஓர் ஆளைப் பற்றிப் பேச்சு எழுந்தால் கூடப்பிறந்தவள் யார் என்றுதான் முதலில் கேட்போம். கோபத்தில் எழுதினால் இப்படித்தான்.)

"போக்கிடமும் இல்ல, பேச வாயும் இல்ல" என்றாள் ஃபலேசி அக்கா. "வேணும்னா என்னை எழுதிக்கோ. நான் பேசுறேன் அவனுக்கு."

4

வீட்டில் லிங்ஸ்டன் மீன் பொரித்துக்கொண்டிருந்தான். என் கணவன், பதினோரு வருடத்துக்கு முன் என் ஊருக்கு வந்தவன். ஒவ்வொரு அறுவடைக்கும் அவன் அக்கா வந்து, தம்பியை ஒழுங்காக வைத்திருக்கிறோமா என்று சட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள். நடந்ததைச் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன்.

"மூணு முடிவு எழுதியிருக்க. ஒண்ணுலயாவது கபீட்டோ வாயைத் திறந்தானா?"

இல்லை. அம்மா பாயில் வாய்மூடி உட்கார்ந்ததற்குக் கோபப்பட்டு எழுத ஆரம்பித்தவள் நான். அதே பாயில் இன்னொருவனை உட்காரவைத்து, அவன் மௌனத்தை அழகு என்று வேறு எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதற்காக நாற்காலிகளைத் திருப்பி வாங்கப் போவதில்லை. நலீகா என் தீவு, அங்கே பெண்கள் ஆளுவதில் எனக்கு இன்னும் பெருமைதான்.

5

ஆகவே மறுபடியும் எழுதுகிறேன்.

"கபீட்டோ கண்ணீர் மல்க…" (அடித்தாயிற்று. அவன் அப்படிப்பட்ட ஆள் இல்லை.)

பதவியேற்கும் நாள் காலை. நாற்காலிகள் நிறைந்திருக்கின்றன. தியேசே நடுவில் இருக்கிறாள். தன் வழக்கில் அவளே பேச முடியாது. சுருட்டிய பாயின் மேல் கபீட்டோ உட்கார்ந்திருக்கிறான், மடியில் மகள். சபையின் மூத்தவள் கேட்கிறாள்: "இந்த ஆளுக்குப் பேச யாரு இருக்கீங்க?"

சொல்ல வேண்டியதை அவன் தயாராக வைத்திருக்கிறான். "கெஞ்சாதே அக்கா. என் பொண்டாட்டி தலைவி ஆனதுல அவளைவிட எனக்குத்தான் பெருமைன்னு சொல்லு. அவ காதுல நான் ராஜ்ஜியம் பேச மாட்டேன். அந்த வீட்டுலயே இருந்து புள்ளைக்குத் தலை பின்னுவேன், அவ பசியோட வந்தா களி கிண்டிப் போடுவேன். இதுக்கு மேல ஒண்ணும் வேணாம். இதுல கொறைச்சா ஒத்துக்க மாட்டேன்னும் சொல்லு."

யாரிடம் சொல்கிறான்? ஃபலேசி அக்காவை எழுதிப் பார்த்தேன். இரண்டாவது வரியிலேயே சபையோடு சண்டைக்கு நின்றாள். நானே போகலாம் என்றால், சட்டத்தைப் போட்டவளே நான்.

மிச்சம் இருப்பது நீங்கள். இதுவரை அவன் பேச்சை முழுதாகக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். (நீங்கள் ஆணாக இருந்தால் தயவுசெய்து உங்கள் அக்காவைக் கூட்டிவாருங்கள்.) சபை கேட்குமா, மாட்டாதா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண்களை யாருக்கும் வளையாதவர்களாக எழுதிவிட்டேன்.

மூத்தவள் இரண்டாம் முறை கேட்கிறாள். மூன்றாம் முறை கேட்கிற வழக்கம் நலீகாவில் இல்லை. கபீட்டோ உங்களைத்தான் பார்க்கிறான்.

எழுந்திருங்கள்.