அலுமாரிக்குள் ஒரு பயறு

இறுதிச்சடங்கு அலுவலகம் பதினொரு மணிக்குக் குடும்பப் பதிவுப் புத்தகத்தோடு வரச் சொல்லியிருந்தது. கஜந்தினி சமையலறை மேசை முழுக்கக் கடதாசிகளைப் பரப்பிவிட்டாள். புத்தகத்தைக் காணவில்லை. அம்மா கோசலை போய் ஒரு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் அலைச்சல்.

அப்பா தவரத்தினம் லா ஷப்பல் தமிழ்க் கடைத்தெருவில் ஓர் உணவகத்தின் சமையல்காரர். பிரெஞ்சில் வரும் கடிதம் அவருக்குக் காடு. எட்டு வயதிலிருந்து வீட்டுக்கு வந்த எல்லாவற்றையும் வாசித்துச் சொன்னவள் கஜந்தினிதான். தன்னைப் பற்றிப் பள்ளிக்கூடம் அனுப்பிய முறைப்பாட்டைக்கூட ஓர் எழுத்து ஒளிக்காமல் வாசித்தவள்.

எபினேயிலிருந்து ஷிரோமி அன்ரி வந்தார். அம்மாவோடு அலுவலகங்கள் துப்புரவாக்கியவர். அவர் பையிலிருந்து பதிவுப் புத்தகம் வந்தது. கூடவே ஒரு நீலக் கோவையும் வந்தது. எல்லாம் ஆஸ்பத்திரிக் கடிதங்கள். அம்மாவின் பெயர், அன்ரியின் முகவரி. முதல் கடிதம் பெப்ரவரியில் எழுதியது. இனிச் சிகிச்சையில்லை, வலியைக் குறைக்கலாம் என்றிருந்தது.

கஜந்தினி இரண்டு தரம் வாசித்தாள்.

"அம்மா சத்தியம் வாங்கினவ, பிள்ளை. பள்ளிக்கூடக் கடைசிச் சோதனை, பாக், முடியுமட்டும் உனக்குத் தெரியக் கூடாதெண்டு" என்றார் அன்ரி.

"அப்பா, உங்களுக்கும் தெரியுமோ?"

"ஓம்" என்றார் அவர், கேத்திலைப் பார்த்தபடி.

அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இதே மேசைதான் அவர்களுடைய ஆய்வுகூடம். ஊதாக் கோவா இலைச் சாற்றில் தேசிக்காய் பிழிந்து நிறம் மாற்றியது, வினாகிரியில் முட்டை ஊறவைத்து ஓட்டைக் கரைத்தது எல்லாம் இங்கேதான். ஆய்வுக் கொப்பியின் முதல் பக்கத்தில் அம்மா எழுதியிருந்தாள்: 'கண்ணால் கண்டதை மட்டும் எழுது.'

கஜந்தினி கண்டவள்தான். மார்ச்சிலேயே அம்மாவின் வளையல் முழங்கை வரை வழுக்கியது. கேட்டதற்குக் குடல் புண், சோற்றைக் குறைத்திருக்கிறேன் என்றாள் அம்மா. கண்ணை நம்பு என்றவளின் வாயை நம்பிவிட்டாள். நாலு மாதம் இருந்தது. அந்த நாலு மாதமும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பரீட்சைக்குப் படித்தாள்.

அப்பாவும் அன்ரியும் அலுவலகத்துக்குப் புறப்பட்டார்கள். வாசிக்க வா என்று அப்பா கூப்பிட்டார். ஷிரோமி அன்ரி நல்லாய் வாசிப்பா, கூட்டிக்கொண்டு போங்கோ என்றுவிட்டாள் கஜந்தினி. அவர் சப்பாத்தைப் போட்டார்.

ஒன்பது வயதுத் தங்கை அக்‌ஷரா கொப்பியோடு வந்து நின்றாள். இரண்டு கிழமைக்கு முன் அம்மா கதிரையில் இருந்தபடியே இரண்டு கோப்பைகளில் பயறு போடுவித்தாள். ஒன்று யன்னலில், மற்றது அலுமாரிக்குள். இந்த வருகிற ஞாயிறு வரை திறக்கக் கூடாது என்பது கட்டளை. இப்போது திறக்கலாமா என்று அக்‌ஷரா பிரெஞ்சில் கேட்டாள்.

கஜந்தினி பக்கத்தைப் புரட்டினாள். அடுத்த ஞாயிற்றுக்கான கட்டம் தயாராகக் கோடு போட்டிருந்தது. 'கண்டது' என்ற இடம் வெறுமை. 'பார்த்தவர்கள்' என்ற இடத்தை அம்மா நடுங்கிய எழுத்தில் முன்கூட்டியே நிரப்பியிருந்தாள்: அம்மா, கஜந்தினி, அக்‌ஷரா.

கஜந்தினி அலுமாரியைத் திறந்தாள். பயறு யன்னல் பயற்றைவிட நெடுத்து, வெளிறி, கதவிடுக்குப் பக்கம் சாய்ந்து நின்றது.

அடிமட்டத்தை வைத்து முதல் பெயரின் மேல் நேராக ஒரு கோடு கீறினாள். ஞாயிற்றுக்கிழமையை வெட்டி இன்றைய திகதியைப் போட்டாள்.

"இதைப் பிடி, அளப்பம்" என்று அடிமட்டத்தைத் தங்கையிடம் கொடுத்தாள்.