பட்ட மரத்துக்குத் தடையில்லை

மருந்துக்கடைக்காரி மரத்தைக் காட்டவில்லை. முதலில் மாடிப்படியைத்தான் காட்டினாள். ஒரு ஆள் உடம்பைச் சாய்த்து ஏறவேண்டிய படி. நடுவில் ஒரு திருப்பம். அந்தத் திருப்பத்துச் சுவரில், ஆள் இடுப்பு உயரத்தில், சுண்ணாம்பு உரிந்து நீளமாகக் கீறல்கள் இருந்தன.

"அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறப்பல்லாம் நாற்காலி இங்கதான் மாட்டும் அண்ணே. தெருவுல போறவங்களக் கூப்பிட்டுத்தான் தூக்கணும். போன தடவ ஒருத்தர் கை நழுவிடுச்சு."

மரம் வெட்டக் கூப்பிட்டிருந்த மரக்காரர் தலையாட்டினார். கீழே கடை, மேலே வீடு. மேலே அவள் அம்மா ஒரு பக்கம் வாதம் அடித்துக் கிடக்கிறாள். தரையோடு தரையாக ஒரு அறை கட்ட வேண்டுமென்றால் கொல்லைப்புறம் ஒன்றுதான் இடம். அந்த இடம் முழுவதையும் ஒரு தூங்குமூஞ்சி மரம் பிடித்துக்கொண்டு நின்றது.

நல்ல மரம். இரண்டு பேர் கைகோத்தாலும் அடிமரம் அடங்காது. ஒரு கரையான் புற்று இல்லை, ஒரு பொந்து இல்லை. அவர் உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார். உள்ளே வயிறு நிறைந்த சத்தம். அதைக் கேட்டதும் அவருக்கு மனசு விட்டுப்போனது. நோஞ்சான் மரமாக இருந்திருந்தால் எல்லாருக்கும் வேலை சுலபம்.

"மரம் வெட்ட ஆபீஸ்ல அனுமதி கேட்டீங்களாம்மா?"

"கேட்டேன். ஒருத்தர் வந்து பாத்துட்டு, மரம் ஆரோக்கியமா இருக்கு, வெட்டக்கூடாதுன்னு எழுதிட்டுப் போயிட்டாரு. மாடிக்கு ஏறி அம்மாவப் பாருங்க சார்னேன். அது என் வேலை இல்லம்மான்னாரு." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "லீவு நாள்ல வந்து வெட்டிடுங்க அண்ணே. காத்துல விழுந்துடுச்சுன்னு நான் சொல்லிக்கறேன்."

இந்தப் பேச்சு அவருக்குப் புதிதல்ல. காரை நிறுத்த இடம் வேண்டும் என்பவன், இலைக்குப்பை கூட்டி மாளவில்லை என்பவள், பக்கத்து வீட்டுக்காரனோடு சண்டை போட்டு அவன் நிழலை ஒழிக்க நினைப்பவன், எல்லாரும் இதே லீவு நாளைத்தான் சொல்வார்கள். "ரம்பம் போட்ட தடம் ஊருக்கே தெரியும், முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்க முடியுமா?" என்று சிரித்தே அனுப்பிவிடுவார். இவளிடம் சிரிப்பு வரவில்லை.

வேரைத் தொடாமல் தூண் மேல் அறை கட்டலாம், அதற்கு அனுமதி கேட்கலாம் என்று சொல்லிப் பார்த்தார். அதற்கு எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டாள். அவர் மேலே ஜன்னலைப் பார்த்தார். கிழவி முகத்தை ஒருபக்கமாகச் சாய்த்து மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. என் லைசென்ஸ் போயிடும்," என்றார் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே. "பட்டுப்போன மரம், விழப்போற மரம்னா கேட்டவுடனே விட்டுடுவாங்க. இது ரெண்டுமே இல்லையே."

அவள் டீ குடித்துவிட்டுப் போங்கள் என்றாள்.

அன்றும் கூட வந்திருந்த அவர் மனைவி வண்டியில் திரும்பும்போதுதான் பேச்செடுத்தாள். அவர் மேலே ஏறினால் கீழே நின்று கயிறு பிடிப்பது அவள்தான். அவர் உயிர் தினமும் அவள் கையில்தான் இருந்தது.

"செஞ்சு குடுத்திருக்கலாம்ங்க. அந்தம்மாவ தெருவுல போறவங்க தூக்கறாங்களாம்."

"லைசென்ஸ் போச்சுன்னா நம்மள யாரு தூக்குவா?"

அவர் வண்டியை விரட்டினார்.

மழைக்காலம் முடியும் தறுவாயில் அவளே மறுபடி கூப்பிட்டாள். மரத்தை வந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னாள். போனார்கள். படிக்கட்டின் கீழே சக்கர நாற்காலி மடித்துச் சுவரோரம் சாத்தியிருந்தது. அதன்மேல் மருந்து வந்த காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தாள். அவளே சொன்னாள்.

"அம்மா போயிட்டாங்க அண்ணே. மழைக்கு முன்னாடியே."

ஊரெல்லாம் மழையில் பச்சையாக நிற்க, கொல்லைப்புறத்து மரம் மட்டும் மொட்டையாக நின்றது. சுள்ளிகள் உதிர்ந்து தரையெங்கும் கிடந்தன. மரக்காரர் அடிமரத்தைச் சுற்றி வந்தார். தட்டிப் பார்க்க மனம் வரவில்லை. மண்ணோடு ஒட்டிய இடத்தில் பட்டை கறுத்து ஈரம் கசிந்தது. குந்தி உட்கார்ந்து கத்தி முனையால் சுரண்டினார். மெழுகு பெயர்ந்து வந்தது. பின்னால் ஒரு துளை, சாய்வாக, உள்நோக்கி. பக்கத்தில் இன்னொன்று. அப்படியே சுற்றிலும்.

"களைக்கொல்லி," என்றாள் பின்னாலிருந்து. "ஊசியில ஏத்தினேன். அம்மாவுக்கு மருந்து குடுத்துட்டு, கீழ எறங்கி வந்து இதுக்கும் குடுப்பேன்."

அவர் எழுந்திருக்கவில்லை.

"பட்டுப்போனா விட்டுடுவாங்கன்னு சொன்னீங்கல்ல."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. கடையில் வந்து, இந்த மாத்திரையைத்தானே சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொன்னீங்க என்று சரிபார்த்துக்கொள்கிறவர்களின் குரல். அதுதான் அவரைக் குத்தியது. ரம்பத்தை எடுத்திருந்தால் ஒரு பகலில் முடிந்திருக்கும். மரத்துக்கு ஒரு நல்ல சாவாவது கிடைத்திருக்கும். கிழவியும் ஒருவேளை தரையில் ஒரு அறையைப் பார்த்திருப்பாள். அவர் சட்டத்தைக் காப்பாற்றினார், லைசென்ஸைக் காப்பாற்றினார். வேறு எதையும் காப்பாற்றவில்லை.

"அம்மாவுக்கு அதுதான் அண்ணே கடிகாரம். சாயங்காலம் எல மூடிக்கும், காலைல தொறக்கும். பேச்சு போனப்புறம் அதையேதான் பாத்துட்டிருப்பாங்க. மருந்து ஏற ஆரம்பிச்சப்புறம் காலையிலயும் மூடியே கெடந்துச்சு. அம்மா நல்ல கையால ஜன்னலக் காட்டுவாங்க. ஏன் இன்னும் தொறக்கலன்னு கேக்கற மாதிரி." அவள் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. "விடியலம்மா, தூங்குன்னு சொல்லுவேன். கடைசி வரைக்கும் அப்படியேதான் சொன்னேன்."

மரக்காரரின் மனைவி அவள் தோளில் கை வைத்தாள்.

"காப்பாத்த முடியுமா அண்ணே? அதுக்குத்தான் கூப்பிட்டேன். வெட்டறதுக்கு இல்ல."

அவர் வாய் திறப்பதற்குள் அவள் அடிமரத்தின் மறுபக்கம் போய்க் கை நீட்டினாள். பட்டையைக் கிழித்துக்கொண்டு ஒரு கொத்துத் துளிர். வெளிறிய மஞ்சள், முறுக்கிக்கொண்ட இலைகள். "பாருங்க, துளிர் விட்டிருக்கு."

சாகிற மரம் கடைசியாக இருப்பதையெல்லாம் துடைத்து எடுத்து இப்படி ஒரு கொத்து விடும் என்பது அவருக்குத் தெரியும். அவர் மனைவிக்கும் தெரியும். சொல்லுங்க என்பதுபோல் அவள் பார்த்தாள். அவர் சொல்லவில்லை. காய்ந்த பெருங்கிளை ஒன்று மதில் தாண்டி, பிள்ளைகள் நடந்துபோகும் சந்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி மட்டும் பேசினார். காற்றுக் காலத்துக்குள் இறக்கியாக வேண்டும் என்றார். மருந்துக்கடைக்காரி துளிரையே பார்த்துக்கொண்டு, "சரி" என்றாள்.

மரக்காரர் போய்க் கேட்ட மறுநாளே ஆபீசில் அனுமதி கொடுத்துவிட்டார்கள். வந்த அதிகாரி வண்டியை விட்டு இறங்கவில்லை. மதிலுக்கு மேலே தெரிந்த மொட்டைக் கிளைகளைப் பார்த்து, "பட்டுப்போச்சா, பாவம்," என்று கையெழுத்துப் போட்டார். துளைகளை அவர் பார்க்கவில்லை, மரக்காரரும் காட்டவில்லை. இத்தனை வருஷத் தொழிலில் அவர் செய்த முதல் திருட்டு அதுதான். கை கூசவில்லை. கூசியிருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

கிளையை வெட்டுகிற அன்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே மனைவி சொல்லிவிட்டாள்: "பட்ட கிளைய நம்பி ஏறாதீங்க. என்னால கயித்தத்தான் பிடிக்க முடியும்." ஏணி வண்டி வாடகைக்கு வந்திருந்தது. அதைத் தெருவில் நிறுத்திவிட்டு இருவரும் பக்கவாட்டுச் சந்து வழியாகக் கொல்லைப்புறத்துக்குப் போனார்கள்.

கடை திறக்கவில்லை. அவள் மரத்தடியில் செருப்பில்லாமல் நின்று, ரப்பர் குழாயால் வேரில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். வெகுநேரமாக விடுகிறாள் போலிருக்கிறது. மண் அதற்குமேல் குடிக்கவில்லை. புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. சத்தம் கேட்டுத் திரும்பி அவர்களைப் பார்த்தாள், பிறகு குழாயை மரத்தின் மறுபக்கத்துக்கு மாற்றிப் பிடித்தாள்.

மரக்காரர் தோளிலிருந்த கயிற்றை இறக்காமலே நின்றார். தண்ணீர் காய்ந்த சருகுகளைச் சேர்த்துக்கொண்டு வந்து, அவர் பூட்ஸைச் சுற்றி வளைந்து, சந்து வழியாகத் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது.