ஆறாவது ஸ்கூட்டர்

லாரியிலிருந்து ஐந்து மின்சார ஸ்கூட்டர்கள் இறங்கின. ஆறாவது எங்கே என்று ஓட்டிஸ் உள்ளே எட்டிப் பார்த்தான். லாரி காலி.

வாங்கிக் கொடுத்தவன் கோல்பி. கையால் பந்தை எறிந்து ஆடும் அமெரிக்க ஃபுட்பாலில், கல்லூரி அணிக்குப் பந்து வீசுகிறவன். ஆட்டக்காரப் பிள்ளைகள் பேரையும் முகத்தையும் விற்றுச் சம்பாதிக்கலாம் என்று ஆன நாளிலிருந்து, நெடுஞ்சாலை டயர் விளம்பரம் முழுக்க அவன் பல்தான். அப்படிச் சம்பாதிப்பவன், தன் மேல் எதிரி விழாமல் முன்னால் நின்று மறிக்கும் தடியன்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை ஏதாவது வாங்கித் தருவது வழக்கம். மறிக்கும் இடம் ஐந்து. ஓட்டிஸ் ஆறாவது ஆள். ஐவரில் ஒருவனான ஹேங்க் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படுத்த நான்கு ஆட்டங்களில் அவன் இடத்தில் நின்று உதைபட்டவன்.

"டேய், எனக்கு?" சிரித்துக்கொண்டேதான் கேட்டான்.

"ஆட்டத்துல முதல்ல இறங்குற அஞ்சு பேருக்கு மட்டும்தான் மச்சான். நீ நடந்தா உடம்புக்கு நல்லதுதானே" என்றான் கோல்பி.

ஐவரும் சிரித்தார்கள். ஓட்டிஸும் சிரித்துத் தொலைத்தான். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு! அறைக்குப் போனதும் மறிக்கும் ஆட்களின் அரட்டைக் குழுவில் தட்டினான்: "இவன் ஆட்டத்தை எப்படி முடிக்கிறேன்னு பாருங்கடா."

மறுநாள் காலை கல்லூரி விசாரணை அலுவலகத்தின் வாசலில் நின்றான். சொல்ல அவனிடம் உண்மை இருந்தது. ஆறு வாரத்துக்கு முன், தோற்றுத் திரும்பிய ஆத்திரத்தில், கணுக்காலுக்குக் கட்டுப்போட வந்த மாணவி நோராவைக் கோல்பி சுவரில் தள்ளினான். அவள் மணிக்கட்டு முறிந்தது. புகார் கொடுத்தாள். பார்த்த சாட்சி இல்லை என்று மூடிவிட்டார்கள். கதவருகே நின்று பார்த்தவன் ஓட்டிஸ். அன்றைக்கு ஐயாவின் வாயில் கொழுக்கட்டை.

புகாரை மறுபடி எடுத்தார்கள். விசாரணையில் நோரா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஓட்டிஸ் ஒன்று விடாமல் சொன்னான். சொல்லச் சொல்ல இனித்தது. கோல்பியின் முகம் வெளுத்ததைப் பார்க்க, பத்து ஸ்கூட்டர் கிடைத்த மாதிரி இருந்தது.

கோல்பியின் வக்கீல் ஒரு தாளை நீட்டினார். அரட்டைக் குழுவில் ஓட்டிஸ் தட்டியது. ஐவரில் எவனோ கொடுத்திருக்கிறான்.

"இது நீங்க அனுப்பினதுதானே தம்பி? ஸ்கூட்டர் வந்த அன்னைக்கு?"

"ஆமா சார்."

"ஆறு வாரமா வராத ஞாபகம், மறுநாளே வந்துடுச்சு."

பொறாமையில் சொன்ன சாட்சி செல்லாது என்று எழுதி, புகாரை அடியோடு மூடினார்கள். இனி அதைத் திறக்க வழியில்லை.

வெளியே படிக்கட்டில் நோரா முறிந்த கையைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"நான் பொய் சொல்லல நோரா."

"தெரியும். அதான் தாங்கல." அவன் பக்கம் திரும்பினாள். "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அவன் ஆறு வாங்கியிருந்தா, நீ வந்திருப்பியா?"

வந்திருப்பேன் என்று சொல்ல வாயைத் திறந்தான். எதிரே மரத்தடியில் அந்த ஐந்து ஸ்கூட்டர்களும் வரிசையாக நின்றன. பாழாய்ப்போன கண் அப்போதும் அங்கேதான் போயிற்று. நோரா அதைப் பார்த்துவிட்டாள்.